18 வயதும் 48 நிமிடங்களும்

சென்ற மாத வாசகர் சந்திப்பு முடிந்து எல்லோரும் தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன சார், ராத்திரி முழுக்கக் கணினியில் கூடைப்பந்துப் பையன்களை வளர்க்கிறீர்களாமே? சங்கப் பாட்டு அலுத்துவிட்டதா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. அவர் விடவில்லை. "அதற்குப் பயிற்சி என்று வேறு பெயராம். பையன் என்று அங்கே யார் இருக்கிறான்? அட்டவணையில் ஒரு வரி. வாரத்துக்கு ஓர் எண் கூடும். கூடியதும் விற்பீர்கள். இது கணக்குப்பிள்ளை உத்தியோகம். வளர்ப்பது என்ற நல்ல சொல்லை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்றார்.

சொல் கெடுகிறது என்று தமிழாசிரியன் ஒருவனிடம் சொன்னால் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. படுத்தபடி யோசித்ததில் ஒன்று தெரிந்தது: அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி, விளையாட்டைப் பற்றிய உண்மையன்று. அதை விளையாடுகிற என் சகாக்களைப் பற்றியது. ஆகவே இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டியவனாக இருக்கிறேன். இளையவர்களைப் பயிற்றுவது வெறும் கணக்கு என்று சொல்லும் நண்பரோடு ஒன்று. அதை வெறும் கணக்காக ஆக்கிவிட்டு, ஆக்கியதையே கெட்டிக்காரத்தனம் என்று மெச்சிக்கொள்ளும் மேலாளர் பெருமக்களோடு இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய சண்டை.

விளையாட்டின் பெயர் பஸ்ஸர்பீட்டர். நேரம் முடிந்ததென்று மணி அலறும் கணத்தில் கையை விட்டுப் புறப்பட்டு வளையத்தில் விழும் பந்துக்குக் கூடைப்பந்தில் வழங்கும் பெயர் அது. 2007இல் தொடங்கிய இணைய விளையாட்டு. இதில் நாம் ஓடுவதில்லை, குதிப்பதில்லை, பொத்தானை அழுத்திப் பந்தெறிவதும் இல்லை. ஓர் அணியின் மேலாளராக உட்கார்ந்திருக்கிறோம். 16 அணிகள் கொண்ட ஒரு லீக்கில் நம் அணியும் ஒன்று. யார் எந்த இடத்தில் ஆடுவது, எப்படித் தாக்குவது, எப்படித் தடுப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்டத்தைக் கணினி நடத்திக் காட்டும். ஒரு பருவம் 14 வாரம். பருவத்துக்கு ஒருமுறை நடக்கும் 'டிராஃப்ட்' என்னும் தேர்வில் அணிக்கு மூன்று இளைஞர்கள் வந்து சேர்வார்கள். வயது 18 அல்லது 19. ஒவ்வொருவனுக்கும் எறிதல், பந்தைக் கையாளுதல், கடத்துதல், தடுப்பு, ரீபவுண்டு என்று பத்து முக்கியத் திறன்கள். வந்து நிற்கும்போது பெரும்பாலான பையன்களுக்கு அவற்றில் பாதி இருக்காது. அவற்றைக் கற்பிப்பதுதான் பயிற்சி.

எப்படிக் கற்பிப்பது? இங்கேதான் இந்த விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன். பயிற்சி வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை கணக்கிடப்படும். அந்த வாரத்துக்கு அணி முழுமைக்கும் ஒரே ஒரு பயிற்சியைத்தான் தேர்ந்தெடுக்கலாம். கடத்துதல் என்று தேர்ந்தெடுத்தால் அது பாயின்ட் கார்டு இடத்தில் ஆடியவனுக்குப் போய்ச் சேரும். ரீபவுண்டு என்றால் சென்டருக்கு. அப்படிச் சேர வேண்டுமானால் பையன் அந்த வாரத்து ஆட்டங்களில் அந்த இடத்தில் 48 நிமிடம் நின்றிருக்க வேண்டும். 48 நிமிடம் என்பது ஒரு முழு ஆட்டம். குறைந்தால் பயிற்சியும் குறையும். தனியே பயிற்சிக்கூடம் என்று ஒன்று கிடையாது. பையன் கற்பது ஆட்டத்தில்தான். வெற்றி தோல்வி எழுதப்படும் ஆட்டத்தில்தான்.

வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள். இரண்டு லீக் ஆட்டம். மூன்றாவது கோப்பை ஆட்டம், அல்லது யாரையாவது அழைத்து நடத்தும் நட்பு ஆட்டம். ஒரே இடத்துக்குப் பயிற்சி என்று வைத்தால் மூன்று ஆட்டத்துக்கு மூன்று பையன்கள் முழுப் பயிற்சி பெறலாம். இரண்டு இடங்களுக்கென்று அகட்டினால் ஆறு பேர். ஆனால் வளர்ச்சி மெதுவாகும். கணக்கு அவ்வளவுதான். இப்போது பாருங்கள். மூன்று பையன்களில் இருவரை லீக் ஆட்டத்தில் இறக்கியாக வேண்டும். பாயின்ட் கார்டு என்பவன் பந்தை ஏந்தி வருபவன், அணியின் வாசல். அந்த இடத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை ஆட்டம் முழுவதும் நிறுத்துகிறீர்கள். எதிரே 27 வயதில் முற்றித் தேறிய ஒருவன் நிற்கிறான். நம் பையன் பந்தைப் பறிகொடுப்பான். கடத்திய பந்து எதிரியின் கைக்குப் போகும். வாசல் திறந்து கிடக்கும் வீட்டில் என்ன நடக்குமோ அது நடக்கும். சனிக்கிழமை தோற்பீர்கள், செவ்வாய்க்கிழமையும் தோற்பீர்கள்.

என் கட்சி இதுதான்: பயிற்சி என்பதன் விலை, இன்றைய ஆட்டம். அந்த விலையைக் கொடுக்கச் சம்மதிக்காதவன் செய்வது எதுவானாலும் அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. இதை எனக்கு எந்தக் கல்வியியல் நூலும் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. பஸ்ஸர்பீட்டரின் விதிப்புத்தகம் சொல்லிற்று.

வாரம் ஓர் எண் கூடும் என்ற நண்பரின் ஏளனத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. திறனுக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத பின்னங்கள் உண்டு. அவை சேர்ந்து ஒரு படியை எட்டினால்தான் திரையில் தெரியும். அதை மேலாளர்கள் 'பாப்' என்பார்கள். உயரம் கூடினால் கடத்துதல், கையாளுதல் போன்றவை மெல்லத்தான் ஏறும். குட்டையானவனுக்கு ரீபவுண்டு மெல்ல ஏறும். வயது ஏற ஏற எல்லாமே மந்தமாகும். ஏழடிப் பையனுக்குக் கடத்துதல் கற்பிக்கிறவன் வெள்ளிக்கிழமைதோறும் திரையைத் திறந்து, ஒன்றும் நடக்காததைப் பார்த்து மூடுவான். அடுத்த வாரம் மறுபடி திறப்பான். கணக்குப்பிள்ளைகள் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

இனி என் சகாக்கள்.

இவர்கள் விலையைக் கொடுக்காமலே சரக்கைக் கேட்கிறவர்கள். முதல் உபாயம், நட்பு ஆட்டத்தில் மட்டும் பையனை இறக்குவது. அதில் தோற்றால் யாருக்கும் நட்டமில்லை. மூன்று பேர் கற்க வேண்டிய இடத்தில் ஒருவன் கற்பான். மற்ற இருவரும் பெஞ்சில் வயது ஏறிக் கிடப்பார்கள். இந்த மேலாளரைக் கேட்டால், "நான் மூன்று இளைஞர்களை வளர்க்கிறேன்" என்பார். சம்பளப் பட்டியலில் வைத்திருப்பதற்கும் வளர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புரிவதில்லை. இப்படிப்பட்டவர்களை விளையாட்டுக்கு வெளியேயும் சந்தித்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

இரண்டாவது உபாயம் இன்னும் மோசமானது. அதுதான் சந்தையில் கெட்டிக்காரத்தனம் என்று விலைபோகிறது. உயரமான பையனாகப் பார்த்து வாங்குவது. அவனைச் சென்டர் இடத்தில் நிறுத்துவது. உயரத்தாலேயே அவன் அங்கே ஓரளவு தாக்குப்பிடிப்பான், ஆட்டம் போகாது. வளையத்தடி எறிதல், வளையத்தடித் தடுப்பு, ரீபவுண்டு என்று மூன்றையே மாற்றி மாற்றிக் கொடுப்பது. உயரத்துக்கு இவை சரசரவென்று ஏறும். வாரத்துக்கு வாரம் 'பாப்'. மேலாளர் பூரித்துப்போவார். மூன்று பருவம் கழிந்தால் பையனுக்கு 21 வயது. வளையத்தடியில் மலை. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு நான்கடி நடக்கத் தெரியாது; நண்பன் கைக்குப் பந்து கொடுக்கத் தெரியாது; வளையத்தை விட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றால் எறியத் தெரியாது.

இந்த விளையாட்டில் வாரச் சம்பளம் திறன்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வளையத்தடித் திறன்களுக்கு எடை அதிகம். ஆகவே நம் மலை, பருவம் பிறந்தவுடன் பெருஞ்சம்பளக்காரனாகிவிடுவான். அணியில் வைத்திருந்தால் கஜானா காலி. சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்குபவர்களும் சம்பளத்தைப் பார்த்துப் பின்வாங்குவார்கள். ஆட்டம் ஒன்றுகூடத் தோற்காமல் வளர்த்த பையனை, கடைசியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இதை நான் என் லீக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறை நண்பர் ஒருவர், என்னை இந்த விளையாட்டுக்கு அழைத்து வந்தவரே அவர்தான், இப்படி நான்கு மலைகளை எழுப்பினார். நான்காவதை விற்றபோது, "சந்தை சரியில்லை" என்றார்.

இது ஏதோ கணினி விளையாட்டின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நிஜக் கூடைப்பந்தில் இதன் மெய்யான முகம் இருக்கிறது. ராய் ஹிப்பர்ட் என்பவர் இண்டியானா பேஸர்ஸ் அணியின் சென்டர், ஏழடி இரண்டு அங்குலம். வளையத்தடித் தடுப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று புகழ்ந்தார்கள். 2012இலும் 2014இலும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அதற்குள் ஆட்டத்தின் போக்கு மாறி, சென்டர்களும் தூரத்திலிருந்து எறியத் தொடங்கினார்கள். தடுப்பவரும் வளையத்தடியை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. 2017க்குள் ஹிப்பர்ட்டின் என்பிஏ வாழ்வு முடிந்துவிட்டது. அவர் சோம்பேறி அல்லர். ஒரு வேலைக்கென்றே வடிக்கப்பட்டவர். அந்த வேலை போனபோது அவரும் போனார்.

மாற்று வழியைக் காட்டியவர்களும் உண்டு. கிரேக்க நாட்டில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த யானிஸ் ஆன்டெடோகூன்போவை மில்வாக்கி பக்ஸ் அணி 2013ஆம் ஆண்டுத் தேர்வில் 15ஆம் இடத்தில் எடுத்தது. வயது 18. எலும்பும் தோலுமான நெட்டைப் பையன். அந்தப் பருவத்தில் மில்வாக்கி 15 ஆட்டம் வென்று 67 தோற்றது, லீக்கிலேயே கடைசி. ஆயினும் பையனை ஆட்டத்துக்குச் சராசரி 24 நிமிடத்துக்கு மேல் ஆடவிட்டார்கள். அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பயிற்சியாளர் ஜேசன் கிட் அவரைப் பந்தை ஏந்திவரும் பாயின்ட் கார்டாக நிறுத்தினார். அப்போது யானிஸின் உயரம் ஆறடி பதினோரு அங்குலம். வழக்கமாக அந்த உயரத்தைச் சென்டர் இடத்தில் நட்டுவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். கிட் தாமே பெரிய பாயின்ட் கார்டாக விளையாடியவர். அந்த இடத்தின் அருமை தெரிந்தவர். தெரிந்தே அதை ஒரு நெட்டைப் பையனின் கையில் கொடுத்தார்.

முந்தைய பருவத்தில் 41 வென்ற அணி, அந்தப் பருவத்தில் 33 தான் வென்றது. பருவம் முன்பே சரிந்திருந்தது என்பது உண்மை. பரிசோதனைக்கு அது இடம் கொடுத்தது என்பதும் உண்மை. அடுத்த பருவம், அதாவது 2016-17இல், மில்வாக்கியில் புள்ளி, ரீபவுண்டு, கடத்தல், பறிப்பு, மறிப்பு என்று ஐந்திலும் முதலிடம் யானிஸுக்கு. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2021இல் அணிக்குக் கோப்பை. கிட் அதைப் பார்க்க அங்கே இல்லை. 2018 ஜனவரியிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். கோப்பையை வாங்கியபோது பயிற்சியாளர் வேறொருவர். பஸ்ஸர்பீட்டரில் பயிற்சியளிப்பவருக்கும் இதே கதிதான் பெரும்பாலும். பையன் முற்றுவதற்குள் அவனுடைய சம்பளத்தைத் தாங்க முடியாமல் பெரிய அணிக்கு விற்றுவிட்டு, அவன் ஆடுவதைத் தூர இருந்து பார்க்க வேண்டும்.

இப்போது ஒருவர் எழுந்து, "அப்படியானால் தோற்றுக்கொண்டே இருந்தால் போதுமா?" என்று கேட்பார். போதாது. பிலடெல்ஃபியா அணியின் கதையை அவருக்குச் சொல்வேன். சாம் ஹிங்கியின் நிர்வாகத்தில் அந்த அணி 2013 முதல் மூன்று பருவங்களில் 19, 18, 10 என்று மொத்தம் 47 ஆட்டங்கள் வென்றது. ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம் என்பதை நினைவில் கொள்க. தோற்றால் தேர்வில் முன்வரிசை இடம் கிடைக்கும் என்பது திட்டம். கிடைத்தது. அடுத்தடுத்து மூன்று ஆண்டும் தேர்வில் மூன்று நெட்டையர்களைச் சேர்த்தார்கள்: நெர்லன்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஒகாஃபோர். மூவருக்கும் உரிய இடம் சென்டர். ஆடுகளத்தில் சென்டர் எத்தனை? ஒன்று. எம்பீட் காயத்தால் முதல் இரண்டு பருவம் ஆடவேயில்லை. நோயலையும் ஒகாஃபோரையும் ஒன்றாக நிறுத்தினால் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். இருவரும் பின்னர் அணி அணியாய் அலைந்தார்கள். எம்பீட் தப்பித்து 2023இல் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார் என்பதைக் கொண்டு திட்டத்தை நியாயப்படுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்றில் ஒன்று முளைத்ததற்கு விதைத்தவனைப் பாராட்டலாம். ஒரே குழியில் மூன்றையும் போட்டதற்கு என்ன செய்வது? 48 நிமிட விதியைப் படித்த பஸ்ஸர்பீட்டர் கற்றுக்குட்டிகூட இந்தத் தவறைச் செய்யமாட்டான். தேர்வில் இடம் பிடிப்பதற்காகத் தோற்பது வேறு. பையன் ஆடியதால் தோற்பது வேறு.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் வாஷிங்டன் நின்றது. 2001ஆம் ஆண்டுத் தேர்வின் முதல் இடத்தில் குவாமி பிரவுனை எடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்து முதல் இடத்தில் தேர்வான முதல் பையன் அவர்தான். அதே பருவத்தில்தான் மைக்கேல் ஜோர்டன் 38 வயதில் ஓய்வை முறித்து அந்த அணியில் ஆட வந்தார். ஜோர்டன் ஆடும்போது தோற்கலாமா? வென்றாக வேண்டும். முதல் பருவத்தில் குவாமிக்குக் கிடைத்தது ஆட்டத்துக்குச் சராசரி 14 நிமிடம். அணி அப்படியும் 37 வென்று 45 தோற்றது. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆக, தோல்வியும் மிஞ்சியது, பையனும் வளரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, எடுத்ததில் வீணாய்ப்போனவன் என்பதற்கு உதாரணமாக அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவரை எடுத்தவர்களின் பெயரையல்லவா சொல்ல வேண்டும்?

சொல்லமாட்டார்கள். ஏனென்றால் ஒரு சொல் கைவசம் இருக்கிறது: 'பொட்டன்ஷியல்'. பையனிடம் அது இல்லை, அவ்வளவுதான். இந்தச் சொல்தான் எல்லாச் சோம்பேறி ஆசிரியர்களுக்கும் அடைக்கலம். பஸ்ஸர்பீட்டரின் மேல் எனக்குள்ள ஒரே கோபமும் இதைப் பற்றியதே.

இந்த விளையாட்டு எண்களை மறைத்துவிட்டுச் சொற்களால் பேசும். திறனுக்கு 20 படிகள். ஒவ்வொரு படிக்கும் ஓர் அடைமொழி. அடியில் 'அட்ரோஷியஸ்', உச்சியில் 'லெஜண்டரி'. இடையில் 'மீடியோக்கர்', 'ரெஸ்பெக்டபிள்', 'ப்ரொலிஃபிக்' என்று நிகண்டு போல நீளும். 'வண்ட்ரஸ்' பெரிதா 'மார்வலஸ்' பெரிதா என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றல்ல, 'மார்வலஸ்' ஒரு படி மேல். சொல்லுக்கு இத்தனை துல்லியம் கொடுத்த இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் பொட்டன்ஷியலுக்கும் இதேபோல் 12 சொற்கள் வைத்திருக்கிறார்கள். பையன் வந்த நாளே அவன் நெற்றியில் ஒட்டியாயிற்று. உச்சியில் 'ஆல்-டைம் கிரேட்'. கீழே இறங்க இறங்க 'ஸ்டார்ட்டர்', 'சிக்ஸ்த் மேன்', 'ரோல் பிளேயர்', 'பெஞ்ச் வார்மர்'. எல்லாவற்றுக்கும் அடியில் 'அனௌன்சர்'. அதாவது, இந்தப் பையன் ஆடுவதற்கு லாயக்கில்லை, ஒலிபெருக்கியைக் கொடுத்து வர்ணனை சொல்ல வைக்கலாம் என்பது பொருள். நகைச்சுவைதான். முதல் முறை நானும் சிரித்தேன். நாம் தமிழில் 'உள்ளாற்றல்' என்று மொழிபெயர்க்கிறோம். அங்கே அது ஆற்றல் இல்லை, கூரை. பையன் அதை நெருங்க நெருங்கப் பயிற்சி ஊர்ந்துபோய்க் கடைசியில் ஏறக்குறைய நின்றுவிடும். அவனுடைய உயரமும் 18 வயதில் வந்தது வந்ததுதான். அரை அங்குலம் கூடாது.

நிஜத்தில் அப்படியா? யானிஸ் தேர்வானபோது ஆறடி ஒன்பது அங்குலம், அதன்பிறகுதான் வளர்ந்தார். டென்னிஸ் ராட்மன் பள்ளி முடித்தபோது ஆறடிகூட இல்லை. டல்லஸ் விமான நிலையத்தில் இரவு நேரத் துப்புரவு வேலை பார்த்தவர், அதன்பிறகு வளர்ந்து, 25 வயதில் இரண்டாம் சுற்றில் தேர்வாகி, தொடர்ந்து ஏழு பருவம் ரீபவுண்டில் முதலிடம் பிடித்தார். நிக்கோலா யோக்கிச்சை 2014இல் டென்வர் 41ஆம் இடத்தில் எடுத்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஓர் உணவுக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைத் திரையில் ஒரு வரியாகக் காட்டினார்கள். 2021, 2022, 2024 என்று மூன்று முறை அவர்தான் சிறந்த ஆட்டக்காரர். 2023இல் கோப்பை. சென்டராக இருந்துகொண்டு அவர் பந்தைக் கடத்தும் அழகைப் பார்த்தவர்கள், ஏழடிப் பையனுக்கு எதற்குக் கடத்துதல் என்று இனிக் கேட்கக்கூடாது. இவர்களுடைய நெற்றியில் அன்று எந்தச் சொல்லை ஒட்டியிருப்பார்கள்?

விளையாட்டுக்கு ஒரு கூரை வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் தேவர்களாகிவிடுவார்கள் என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். கூரை இருக்கட்டும். அதை முதல் நாளே எழுதி மாட்டுவானேன்? எழுதி மாட்டியதால் என்ன ஆயிற்று? மேலாளர்கள் பையனைப் பார்ப்பதே இல்லை. சொல்லைப் பார்க்கிறார்கள், உயரத்தைப் பார்க்கிறார்கள், மற்றவனை வந்த வாரமே நீக்குகிறார்கள். நம் நண்பர் சொன்ன 'அட்டவணையில் ஒரு வரி' இங்கேதான் பிறக்கிறது. நம் சிற்றிதழ் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலையிலிருந்து இருபதை ஒட்டிய வயதில் ஒரு பையன் கவிதை அனுப்பியபோது, சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழில் இடம் கொடுத்தார். அந்தப் பையன் பின்னாளில் பிரமிள். உறையின் மேல் 'ஆல்-டைம் கிரேட்' என்று யாரும் அச்சடித்து அனுப்பவில்லை. அந்தப் பக்கங்களை விற்பனையாகும் பெயர்களுக்குக் கொடுத்திருந்தால் செல்லப்பாவுக்குக் கைக்காசு கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். ஐந்தாவது பருவத்தில் எனக்கு ஒரு பையன் வந்தான். ஆறடி பத்து அங்குலம். ஒட்டியிருந்த சொல் 'சிக்ஸ்த் மேன்', அதாவது முதல் ஐவரில் இடம் கிடைக்காத ஆறாவது ஆள். இயற்பியல் நண்பர், "இவனை விட்டுவிடுங்கள் சார், கூரை தாழ்வு, இடிக்கும்" என்றார். நியாயமான ஆலோசனை. நான் கேட்கவில்லை. தாழ்ந்த கூரைக்குள் முழுமையாக ஒருவனை நிறுத்திப் பார்ப்போமே என்று தோன்றியது. அவனைப் பாயின்ட் கார்டாக இறக்கினேன். ஒரு பருவம் முழுக்கக் கடத்துதல், கையாளுதல். எதிரணிக்காரர்கள், தவறுதலாகப் போட்டுவிட்டீர்களா என்று செய்தி அனுப்பிக் கேட்டார்கள். ஒருவர் நான் தூங்கிவிட்டதாகவே முடிவு செய்துவிட்டார். அந்தப் பருவத்தின் முடிவில் அணி ஒரு பிரிவு கீழே இறங்கியது. வருமானம் சுருங்கியது. பயிற்சியாளரின் வாரச் சம்பளம் கொடுக்க ஒரு நல்ல ஃபார்வர்டை விற்றேன்.

இரண்டாம் பருவத்தில் தூர எறிதலும் வெளித்தடுப்பும். மூன்றாவதில்தான் வளையத்தடிக்கு அனுப்பினேன். மொத்தம் 42 வெள்ளிக்கிழமைகள். 21 வயதில் அவன் எதிலும் உச்சியில் இல்லை. ஆனால் ஐந்து இடங்களில் எதில் நிறுத்தினாலும் ஆடுவான். ஒன்றில் மட்டும் மலையாகாமல் பலவற்றில் பரவியிருந்ததால் சம்பளமும் ஏறவில்லை. இறங்கிய பிரிவிலிருந்து அவனை வைத்துக்கொண்டுதான் திரும்ப ஏறினோம். பிறகு ஆறு பருவம் என் அணியின் அச்சாணி அவன். கூரை இடித்தது உண்மைதான். 23 வயதுக்குப் பின் அவன் ஒரு படிகூட ஏறவில்லை. ஆனாலும் அந்தக் கூரைக்குள் அவன் நின்ற நிலை, உயர்ந்த கூரைக்குக் கீழே ஒற்றைக் காலில் நின்ற அந்த நான்கு மலைகளுக்கும் வாய்க்கவில்லை.

இதைச் சொன்னபோது இயற்பியல் நண்பர் வழக்கம்போல் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இறங்கிய பிரிவில் இழந்த வருமானம், விற்ற ஃபார்வர்டு, 42 வாரப் பயிற்சியாளர் செலவு, எல்லாவற்றையும் கூட்டினால் அதே மாதிரி ஒருவனைச் சந்தையில் வாங்கியிருக்கலாம் சார், மிச்சமும் இருந்திருக்கும் என்றார். கணக்கு சரிதான், நான் சரிபார்த்தேன். அப்படி வாங்கப்படுகிற ஒருவனை வேறு எவரோ ஓர் அணியில் தோற்றுத் தோற்று வளர்த்திருக்கிறார் என்ற செலவு மட்டும் அந்தத் தாளில் இல்லை. எல்லோரும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால், சந்தைக்கு அனுப்புகிறவர் யார்? இந்தக் கேள்விக்கு அவர், "அதுதான் நீங்கள் இருக்கிறீர்களே" என்றார். சிரிக்கவில்லை, மெய்யாகவே சொன்னார்.

அந்தப் பையனுக்கு இப்போது 33 வயது. திறன்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டிருக்கின்றன. அவனை இன்னும் நீக்கவில்லை. நட்பு ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்கள் இறக்குகிறேன். சென்ற தேர்வில் 18 வயதில் இன்னொருவன் வந்திருக்கிறான். ஏழடி, சொல் 'ரோல் பிளேயர்'. வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் பிரிவின் முதல் அணியோடு ஆட்டம். பாயின்ட் கார்டு இடத்தில் முதல் ஆள், மாற்று ஆள், அதற்கும் மாற்று என மூன்று கட்டத்திலும் அவன் பெயரையே எழுதிவைத்திருக்கிறேன், 48 நிமிடமும் வெளியே வராதபடி. முப்பது புள்ளியிலாவது தோற்போம் என்று நினைக்கிறேன். தேநீர்க் கடை நண்பருக்கு அவகாசம் இருந்தால் அன்றிரவு வீட்டுக்கு வரட்டும், உட்கார்ந்து பார்க்கலாம்.